இரண்டு கூப்பன்கள்

‘கூப்பன்’ என்னும் சொல் தமிழரிடையே இரு வேறு பொருளில் வழங்கிவருகிறது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ வளர்ந்த மூத்த தலைமுறையினரிடம் அச்சொல்லைச் சொன்னால், அவர்கள் மனத்தில் எழுவது கூப்பன் அரிசியும் சங்கக்கடை வாசலில் நின்ற வரிசையும்தான். அமெரிக்காவில் நெடுநாள் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்தினரிடம் சொன்னால், ஞாயிற்றுக்கிழமை நாளிதழின் மடிப்புக்குள்ளிருந்து விழும் வழவழப்பான வண்ணத்தாள்களும், அவற்றைக் கத்தரித்து உறையிலிட்டு வைத்த பழக்கமும் நினைவுக்கு வரும். இரு சாராரும் கலந்த எங்கள் நண்பர் வட்டத்தில், வீட்டுச் செலவைக் குறைப்பது குறித்த பேச்சு ஒருநாள் எழுந்தது. ஒருவர் கூப்பனைப் புகழ, மற்றவர் அதனை வேறொன்றாக எண்ணி மறுமொழி சொல்ல, இருவரும் சற்று நேரம் ஒருவரையொருவர் வியப்போடு பார்த்துக்கொண்டிருந்தனர். இருவரும் பேசியது வேறு வேறு சீட்டுகளைப் பற்றி என்பது பின்னரே விளங்கிற்று.

அக்குழப்பம் சிரிப்போடு முடிந்துவிட்டது. எனினும் அதற்குள் யோசிக்க வேண்டிய ஒன்று இருப்பதாக எங்களுக்குத் தோன்றியது. ஒரு கூப்பன், ‘உனக்கு இவ்வளவு உண்டு’ என்று உறுதி சொல்கிறது. மற்றது, ‘இதை வாங்கினால் இவ்வளவு குறைத்துத் தருகிறேன்’ என்று அழைக்கிறது. முன்னது பங்கு, பின்னது அழைப்பு. இந்த அழைப்பையே சிக்கனத்தின் கருவியாக நாம் ஏற்றுக்கொண்டுவிட்டோம். சிக்கனமான குடும்பம் என்றால் தள்ளுபடி எதையும் தவறவிடாத குடும்பம் என்று பொருளாகிவிட்டது. இது சரிதானா என்பதே எங்கள் கேள்வி. சரியன்று என்பது எங்கள் கருத்து.

இலக்கியம் பேசும் இடத்தில் பலசரக்குக் கணக்கு எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். வேறெதுவும் எழுதாத வீடுகளிலும் எழுதப்பட்டு வந்தது மளிகைப் பட்டியல். ஒரு குடும்பத்தின் வருமானம், பசி, ஆசை, அச்சம் எல்லாம் அந்தத் துண்டுத் தாளில் பதிந்திருக்கின்றன. அதை எழுதுகிறவர் யார், அதில் எது இடம்பெற வேண்டும் என்று முடிவு செய்கிறவர் யார் என்பவை சிறிய கேள்விகள் அல்ல.

*

பங்குக்கான கூப்பனிலிருந்து தொடங்குவோம். இரண்டாம் உலகப் போர் மூண்டபின், 1940 ஜனவரி 8 அன்று பிரிட்டனில் பன்றி இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை ஆகியவற்றுக்குப் பங்கீடு தொடங்கியது. ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கீட்டுப் புத்தகம். ஒவ்வொரு குடும்பமும் ஒரு குறிப்பிட்ட கடையில் பதிந்துகொள்ள வேண்டும். பொருள் இலவசம் அன்று. கட்டுப்படுத்தப்பட்ட விலையைக் கொடுத்தே வாங்க வேண்டும். ஆனால் பணம் மிகுந்தவர் என்பதற்காகப் பங்கீட்டுப் பொருளில் கூடுதல் பங்கு கிடையாது. தேயிலை ஒருவருக்கு வாரத்துக்கு 2 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 57 கிராம் என்று பல ஆண்டுகள் இருந்தது. போர் முடிந்தும் பங்கீடு முடியவில்லை. 1954 ஜூலையில் இறைச்சிக் கட்டுப்பாடு நீங்கியபோதுதான் அது முற்றுப்பெற்றது. அந்தப் பதினான்கு ஆண்டுகளில் சிக்கனம் என்பது தனிமனித ஒழுக்கமாக மட்டும் இருக்கவில்லை. அதற்கு அடியில் ஓர் உறுதி இருந்தது. இவ்வளவுதான் கிடைக்கும்; ஆனால் இவ்வளவு கட்டாயம் கிடைக்கும்.

இலங்கையிலும் போர்க்காலத்தில்தான் அரிசிப் பங்கீடு வந்தது. கூப்பன் என்ற சொல் ஈழத்தமிழர் நாவில் நிலைபெற்றது அவ்வழியே. அது வெறும் தாளன்று என்பதை 1953 காட்டியது. அவ்வாண்டு ஜூலையில் பங்கீட்டு அரிசியின் விலை, கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஆகஸ்ட் 12 அன்று நாடெங்கும் ஹர்த்தால் நடந்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூட வேண்டிய நிலை வந்தது. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். ஒரு கொத்து அரிசியின் விலை ஓர் அரசின் தலையை அசைத்தது என்றால், அந்தக் கூப்பனை மக்கள் சலுகையாக அல்ல, தம் உரிமையாகவே கருதியிருந்தனர் என்பது தெளிவு.

அமெரிக்காவுக்கும் இவ்வகைக் கூப்பன் புதிதன்று. பெருமந்தத்தின் இறுதியில், 1939 மே 16 அன்று, நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் உணவு முத்திரைத் திட்டம் தொடங்கப்பட்டது. உதவி பெறும் குடும்பம், வழக்கமாக உணவுக்குச் செலவிடும் தொகைக்கு ஆரஞ்சு நிற முத்திரைகளை வாங்கும். ஒவ்வொரு டாலர் ஆரஞ்சு முத்திரைக்கும் 50 சென்ட் மதிப்புள்ள நீல முத்திரை இலவசம். நீல முத்திரையைக் கொண்டு, விளைச்சல் மிகுந்து தேங்கியிருப்பதாக அரசு அறிவித்த பொருள்களை வாங்கலாம். ஒருபுறம் விற்பனையாகாத விளைபொருள், மறுபுறம் பசித்த வீடு. இரண்டையும் ஒரு நீலத்துண்டு இணைத்தது. 1943இல் நின்றுபோன அத்திட்டம் 1964இல் சட்டமாக மீண்டது. இன்று அது மின்னட்டையாக மாறியிருக்கிறது. தாள் முத்திரைகள் 2009உடன் முடிவுக்கு வந்தன.

*

இனி இரண்டாவது கூப்பனைப் பார்ப்போம். அது பிறந்தது பசியின் பக்கத்தில் அன்று, விற்பனையின் பக்கத்தில். 1880களின் இறுதியில், அட்லாண்டாவில் புதிதாக வந்திருந்த கோக்கக்கோலாவை மக்களுக்குப் பழக்க, ஒரு கோப்பை இலவசமாகத் தரும் சீட்டுகள் வழங்கப்பட்டன. தாகம் தணிக்கவென்று எவரும் அச்சீட்டைக் கேட்கவில்லை. ஒரு புதிய சுவைக்கு நாவைப் பழக்குவதே நோக்கம். 1896இல் ஸ்பெர்ரி அண்டு ஹட்சின்சன் நிறுவனம் பச்சை முத்திரைகளைத் தொடங்கியது. வாங்கும் பொருளின் மதிப்புக்கேற்பக் கடைக்காரர் முத்திரை தருவார். அவற்றைப் புத்தகத்தில் ஒட்டி நிரப்பினால் விளக்கோ போர்வையோ பெற்றுக்கொள்ளலாம். 1960களில் அமெரிக்க இல்லங்களில் அந்தப் புத்தகம் இல்லாத வீடு அரிதாயிற்று. முத்திரைக்கான செலவைக் கடைக்காரர் நிறுவனத்துக்குச் செலுத்தினார். அதைப் பொருளின் விலையிலிருந்தே அவர் ஈடுகட்ட வேண்டியிருந்தது. ‘இலவச’ விளக்கின் விலையில் ஒரு பகுதியை வாடிக்கையாளர் துளித்துளியாக முன்பே கொடுத்திருந்தார்.

அமெரிக்கத் தள்ளுபடிக் கூப்பனின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரியைக் காணலாம்: இதன் ரொக்க மதிப்பு ஒரு சென்டில் நூறில் ஒரு பங்கு. முத்திரைகள் கொடிகட்டிப் பறந்த காலத்தில், அவற்றைப் பணமாகவும் மாற்றித் தர வேண்டும் என்று சில மாநிலங்கள் சட்டமியற்றின. சட்டத்துக்குக் கட்டுப்பட்டதாகவும் இருக்க வேண்டும், பணமும் போகக் கூடாது. ஆகவே இந்த நூறிலொரு சென்ட். இதைவிட நேர்மையான வாசகம் விளம்பர உலகில் வேறு இருக்குமா என்பது ஐயமே. ‘ஒரு டாலர் மிச்சம்’ என்று பெரிய எழுத்தில் சொல்லும் தாள், நீ எங்கள் பொருளை வாங்காவிட்டால் உன் கையிலிருப்பது ஏறத்தாழ ஒன்றுமில்லை என்று சிறிய எழுத்தில் ஒப்புக்கொள்கிறது.

எல்லாருக்கும் விலையைக் குறைத்துவிட்டால் போயிற்றே, எதற்கு இந்தச் சுற்றுவழி? பொருளியலார் இதனை விலைப் பாகுபாடு என்பர். ஒரே பொருளை, கூடுதல் விலை கொடுக்கத் தயாராக இருப்பவருக்குக் கூடுதல் விலைக்கும், விலை பார்த்து வாங்குபவருக்குக் குறைந்த விலைக்கும் விற்க வேண்டும். ஆனால் வாசலில் நிறுத்தி வருமானம் கேட்க முடியாது. ஆகவே ஒரு தடையை வைக்கிறார்கள்: தேடு, கத்தரி, அடுக்கி வை, நாள் கடக்குமுன் கொண்டு வா. நேரமிருப்பவர் தடையைத் தாண்டுவார். பணமிருப்பவர் தாண்டாமல் முழுவிலை கொடுப்பார். நேரமும் இல்லாத, பணமும் இல்லாத ஒருவர் உண்டு. இரண்டு வேலை பார்த்துவிட்டு இரவு பத்து மணிக்குக் கடைக்கு ஓடிவரும் தாய். அவர் முழுவிலைதான் கொடுக்கிறார். ஏழைக்கு உதவுவதாகத் தோன்றும் ஏற்பாடு, ஏழைகளில் மிகவும் நெருக்கடியில் இருப்பவரைத் தவறவிட்டுவிடுகிறது.

கூப்பன் நம் அறிவைவிட மனத்தையே பற்றுகிறது என்பதற்குத் துணிக்கடையிலிருந்து ஒரு சான்று காட்டலாம். ஜே.சி.பென்னி என்ற பழம்பெரும் அமெரிக்கப் பல்பொருள் நிறுவனம், 2012 பிப்ரவரியில் கூப்பன்களையும் ஓயாத தள்ளுபடி விற்பனைகளையும் கைவிட்டு, நாள்தோறும் நியாயமான ஒரே விலை என்று அறிவித்தது. விலையை ஏற்றிவைத்துப் பின் இறக்கிக் காட்டும் நாடகம் வேண்டாம் என்பதே அதன் பொருள். அந்நிதியாண்டில் அதன் விற்பனை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சரிந்தது. 2013 ஏப்ரலில் தலைமை அதிகாரி வெளியேற்றப்பட்டார். கூப்பன்கள் திரும்பி வந்தன. விலை குறைவாக இருப்பது நமக்குப் போதவில்லை. விலையைக் குறைத்துவிட்டோம் என்ற வெற்றியுணர்வும் நமக்கு வேண்டியிருக்கிறது. கடைக்காரர் விற்கும் பொருள்களில் அவ்வுணர்வும் ஒன்று.

அந்த வெற்றியுணர்வு எவ்வளவு தூரம் போகும் என்பதை அமெரிக்கத் தொலைக்காட்சி காட்டியது. 2010 டிசம்பரில் முன்னோட்டமாகவும், 2011 முதல் தொடராகவும் டி.எல்.சி. அலைவரிசையில் ஒளிபரப்பான ‘எக்ஸ்ட்ரீம் கூப்பனிங்’ நிகழ்ச்சியில், பல நூறு டாலர் சரக்கைச் சில டாலர்களுக்கு வாங்குவோர் வந்தனர். நிலவறைகளில் பற்பசையும் குழம்புப் புட்டிகளும் நூற்றுக்கணக்கில் அடுக்கப்பட்டிருந்தன. பார்த்தவர்கள் வியந்தார்கள். கூப்பனின் மதிப்பை இரட்டித்துத் தந்துவந்த கடைகள் பல, தம் விதிகளை இறுக்கிக்கொண்டன. எங்களுக்கு அதில் உறுத்தியது வேறு. வாரத்தில் பல மணி நேரத்தை விழுங்கும் அவ்வுழைப்பின் முடிவில் வீட்டுக்கு வந்து சேர்ந்தவற்றுள், அந்த வீட்டின் பட்டியலில் முன்பே இருந்தவை எத்தனை? நூறு புட்டி கடுகுச் சாந்து வாங்கி அடுக்குவதைச் சேமிப்பு என்று எந்த மொழியில் சொல்வது?

*

கூப்பனைத் தொடவே கூடாது என்பது எங்கள் வாதமன்று. மாதக் கடைசியில் இருபது டாலர் மிஞ்சினால் ஒரு வேளை மருந்துக்கு ஆகும் என்ற நிலையில் இருக்கும் குடும்பத்திடம் போய், கூப்பன் ஒரு மாயை என்று தத்துவம் பேசுவது கொடுமை. குழந்தைக்கான அணையாடை, சலவைத்தூள் போன்று எப்படியும் வாங்கியே தீரவேண்டிய பொருளுக்குக் கூப்பன் வந்தால், அதைப் பயன்படுத்தாமல் விடுவது அறியாமை. வரிசை மட்டும் மாறக் கூடாது. பட்டியல் முதலில், கூப்பன் பின்னர். கூப்பனைப் பார்த்துப் பட்டியல் எழுதத் தொடங்கும் நாளில், நம் சமையலறையை வேறொருவர் நடத்தத் தொடங்கிவிடுகிறார்.

இது மிகைக் கூற்றன்று. கத்தரித்த கூப்பன்களை ஒருமுறை மேசைமேல் பரப்பிப் பார்த்தால் போதும். காலைச் சிற்றுண்டிப் பெட்டிகள், உறைந்த பீட்சா, குளிர்பானம், நொறுக்குத் தீனி, சோப்பு. வெங்காயத்துக்கும் முட்டைக்கோசுக்கும் உளுந்துக்கும் கூப்பன் கிடைப்பது அரிது. கத்தரிக்காய்க்கு விளம்பரச் செலவு செய்ய ஒரு முத்திரைப் பெயர் இல்லை. அதில் அவ்வளவு இலாபமும் இல்லை. ஆகவே கூப்பன் காட்டும் வழியிலேயே நடக்கும் வீடு, பெட்டியில் அடைத்த உணவை நோக்கியே நடக்கும். கணக்கும் பல வேளைகளில் பொய்க்கும். எடுத்துக்காட்டாக, ஐந்து டாலர் பெட்டியை ஒரு டாலர் கூப்பனால் நான்குக்கு வாங்குகிறோம். அருகிலேயே கடையின் சொந்தப் பெயரில் அதே தானியம் மூன்று டாலருக்கு இருக்கிறது. ‘மிச்சம்’ என்று ரசீதில் அச்சாகும் ஒரு டாலர், உண்மையில் ஒரு டாலர் நட்டம்.

இவ்விடத்தில் கைகொடுப்பது அலகு விலை. ஓர் அவுன்சுக்கு எவ்வளவு, ஒரு பவுண்டுக்கு எவ்வளவு என்று அலமாரி விளிம்பில் ஒட்டியிருக்கும் சிறு எண். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ், நியூயார்க், நியூ ஜெர்சி போன்ற சில மாநிலங்களிலேயே இது சட்டத்தின் கட்டாயம். பிற இடங்களில் பெரும்பாலும் கடைக்காரர் விருப்பம். பெட்டியின் உயரமும் ‘குடும்பப் பொதி’ என்ற பெயரும் சொல்லாததை அந்த எண் சொல்லிவிடுகிறது. பெரிய பொதி எப்போதும் மலிவு என்ற நம் எண்ணத்தையும் அது சில வேளைகளில் பொய்யாக்கும். நூறு கூப்பன்களைச் சேர்ப்பதைவிட அந்த ஓர் எண்ணைப் படிக்கப் பழகுவது மேல்.

இன்று கத்தரிக்கோலுக்கு வேலை குறைந்துவிட்டது. தள்ளுபடிகள் கைப்பேசிச் செயலிக்குள் போய்விட்டன. அவ்வாறு போனதில் இரண்டு இழப்புகள் நேர்ந்தன. திறன்பேசி கையாளத் தெரியாத முதியவர், அலமாரியில் எழுதியிருக்கும் குறைந்த விலையைப் பார்த்தும் அதைப் பெற முடியாமல் நிற்கிறார். நம்மைப் போன்றோரோ, அரை டாலர் தள்ளுபடிக்காக, நாம் என்ன உண்கிறோம், எப்போது வாங்குகிறோம் என்ற குறிப்பு முழுவதையும் ஒப்படைத்துவிடுகிறோம். நம் வீட்டுப் பட்டியலை நம்மைவிட நன்றாகக் கடை அறிந்துவைத்திருக்கிறது. தாள் கூப்பன் ஊருக்கெல்லாம் பொதுவான அழைப்பாக இருந்தது. செயலிக் கூப்பன் நம் பலவீனத்தின் பெயர் சொல்லியே அழைக்கிறது.

*

அப்படியானால் சிக்கனம் எங்கே இருக்கிறது? கடையிலன்று, வீட்டுக்குள் என்பதே எங்கள் விடை. அமெரிக்காவில் கிடைக்கும் உணவில் 30 முதல் 40 விழுக்காடு வரை உண்ணப்படாமலே வீணாவதாக அந்நாட்டு வேளாண்துறை மதிப்பிடுகிறது. இதில் கடைகளின் பங்கும் உண்டு, வீடுகளின் பங்கும் உண்டு. மூன்றில் ஒரு பங்கைக் குப்பையில் கொட்டிவிட்டுப் பத்து விழுக்காடு தள்ளுபடிக்கு அலைவது, ஓட்டைக் குடத்துக்கு மலிவாகத் தண்ணீர் வாங்குவது போன்றது.

வீட்டுச் சிக்கனத்தின் விதிகள் பெரிய இரகசியங்கள் அல்ல. பட்டியல் எழுதுமுன் அலமாரியையும் குளிர்ப்பெட்டியையும் ஒருமுறை திறந்து பார்ப்பது. பழையதை முன்னே நகர்த்திப் புதியதைப் பின்னே வைப்பது. வாரத்தில் ஒருநாள் எதுவும் வாங்காமல், இருப்பதைக் கொண்டே சமைப்பது. வேகவைத்துத் தகரத்தில் அடைத்த கொண்டைக்கடலையை விட்டு, காய்ந்த கடலையை முந்தைய இரவே ஊறவைப்பது. ஒரு கோப்பை கடலை வெந்தால் இரண்டரைக் கோப்பை அளவுக்குப் பெருகும். கோழியின் எலும்பைச் சாறாக்குவது, காய்ந்த ரொட்டியைத் தூளாக்குவது. பொதியின் மேலிருக்கும் நாளைப் பார்த்தவுடன் தூக்கியெறியாமல், முகர்ந்தும் சுவைத்தும் முடிவு செய்வது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் நாள் குறிப்பிடக் கட்டாயப்படுத்துவது குழந்தைகளுக்கான பால்மாவுக்கு மட்டுமே. பெரும்பாலான பொதிகளில் ‘இந்நாளுக்குள் நன்று’ என்றிருப்பது தரத்தைப் பற்றிய உற்பத்தியாளரின் கணிப்பு. அதன்பின் நஞ்சு என்று பொருளன்று.

இவையெல்லாம் அறிவு. எது எத்தனை நாள் தாங்கும், எந்தப் பருவத்தில் எது மலியும், எந்த மீதம் எதனோடு சேரும் என்பது புத்தகத்தில் ஏறாத ஓர் அறிவுத்துறை. அதை ஏற்றிய சிலரும் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் லிடியா மரியா சைல்டு 1824இல் புதினம் வெளியிட்டவர். 1829இல் ‘தி ஃபுரூகல் ஹவுஸ்வைஃப்’ என்ற வீட்டுச் சிக்கன நூலை எழுதினார். வேலையாள் வைத்துக்கொள்ள வசதியில்லாத எளிய குடும்பங்களுக்கான நூல் அது. முப்பதுக்கும் மேற்பட்ட பதிப்புகள் கண்டது. கணவர் கடனாளியாக இருந்த வீட்டில் அந்நூலின் வருவாய்தான் அடுப்பெரித்தது. 1833இல் அவரே அடிமை முறைக்கு எதிராக ஒரு நூல் எழுதியபோது வாசகர் பலர் அவரைக் கைவிட்டனர். சிக்கன நூலின் விற்பனையும் விழுந்தது. எலும்புச் சாறு பற்றி எழுதிய அதே கைதான் அதையும் எழுதியது என்பதை நாங்கள் தற்செயலாகக் கருதவில்லை. பண்டத்தின் மதிப்பை அறிந்தவருக்கு, மனிதரைப் பண்டமாக்கும் அநீதி கண்ணில் படாமல் போகாது.

போர்க்காலப் பங்கீட்டின் நடுவே, 1942இல் எம்.எஃப்.கே.ஃபிஷர் எழுதிய ‘ஹவ் டு குக் எ உல்ஃப்’ மற்றொரு சான்று. வாசலில் வந்து நிற்கும் ஓநாய் என்பது ஆங்கிலத்தில் பசிக்கும் வறுமைக்கும் வழங்கும் உருவகம். ஒவ்வொரு வேளையையும் சத்துக் கணக்கில் நிறைக்கப் பதறாமல் நாள் முழுவதையும் ஒன்றாகக் கருதிச் சமன்செய்யச் சொல்லும் அந்நூல், கையில் ஏறக்குறைய ஒன்றுமில்லாதவருக்கான கூழையும் சொல்கிறது. குறைவாக உண்பவரும் சுவையாக உண்ணலாம், கண்ணியமாக உண்ணலாம் என்பதே அதன் அடிநாதம். சிக்கனத்தைக் கருமித்தனத்திலிருந்து பிரிப்பது இந்தக் கண்ணியம்தான். கருமி பண்டத்தைப் பூட்டி வைக்கிறான். சிக்கனமான வீடு அதைக் கடைசித் துளிவரை பயன்படுத்துகிறது.

சிக்கனத்தைப் பற்றி எழுதிய மிகப் புகழ்பெற்ற ஆணையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1854இல் வெளியான ‘வால்டன்’ நூலின் முதல் இயல் சிக்கனம் பற்றியது. குடிலுக்கு ஆன செலவு 28 டாலர் 12½ சென்ட் என்றும், எட்டு மாத உணவுக்கு 8 டாலர் 74 சென்ட் என்றும் தோரோ கணக்குக் காட்டுகிறார். அக்கணக்கில் துவைப்பதும் தைப்பதும் இல்லை. அவை பெரும்பாலும் வெளியே நடந்தன என்றும், அதற்கான சீட்டு இன்னும் வரவில்லை என்றும் அவர் ஒப்புக்கொள்கிறார். நேர்மையான மனிதர்; ஆகவே ஒளிக்கவில்லை. ஆனால் அந்தச் சீட்டு உலகெங்கும் இன்னும் வராமலே இருக்கிறது. ஊறவைப்பது, அரைப்பது, மீதத்தை மாற்றிச் சமைப்பது, அலமாரியை நினைவில் வைத்திருப்பது ஆகிய உழைப்பைச் செய்பவர் பெரும்பாலும் பெண். ‘எங்கள் வீட்டில் சிக்கனமாக இருக்கிறோம்’ என்று ஆண் பெருமையாகச் சொல்லும்போது, அந்தப் பன்மையில் அவருடைய பங்கு எவ்வளவு என்று கேட்க வேண்டியிருக்கிறது. எங்களுள் சிலர் அக்கேள்விக்குத் தலைகுனிய நேர்ந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

*

இறுதியாக ஒன்று. வீட்டுக்குள் இருக்கும் சிக்கனத்தை இவ்வளவு புகழ்ந்தபின், அதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். சிக்கனம் ஒருவர் தாமே ஏற்கும் ஒழுக்கமாக இருக்கும்போது அழகு. பிறர்மீது சுமத்தும் உபதேசமாக மாறும்போது அநீதி. விலை உயர்ந்தால் குறைவாக உண்ணுங்கள் என்று நிறைந்த வயிற்றோடு சொல்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. 1953இல் கொழும்புத் தெருவில் நின்றவர்களுக்குச் சிக்கனம் தெரியாமலில்லை. தம் பங்கில் கைவைத்துவிட்டு அடுப்படியில் ஈடுகட்டிக்கொள்ளச் சொன்னதையே அவர்கள் ஏற்கவில்லை. கொண்டைக்கடலையை எவ்வளவு ஊறவைத்தாலும் அது கூலி உயர்வாகப் பெருகாது.

ஆகவே இரண்டு கூப்பன்களுள் எது வேண்டும் என்று எங்களைக் கேட்டால், தயங்காமல் முதலாவதையே சொல்வோம். எவருக்கும் இவ்வளவு உணவு உறுதி என்பது ஒரு சமூகம் தன் மக்களுக்குத் தரவேண்டிய சீட்டு. அதற்கு மேல் எதை வாங்குவது, எதை விடுவது என்பது அவரவர் பட்டியல். இரண்டாவது கூப்பன் அந்தப் பட்டியலுக்குள் ஓசையின்றி நுழைந்து, ஒரு வரியை அடித்து, வேறொரு வரியை எழுதிவிட்டுப் போகிறது.

அடுத்த முறை கடைக்குப் புறப்படுமுன், அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, நம் கையால் ஒரு பட்டியல் எழுதுவோம். வீட்டில் இதுவரை அதை எழுதிவந்தவர் அருகில் அமர்ந்து, அவர் சொல்ல எழுதுவோம். எவ்வளவு எழுதப்படாமல் இருந்தது என்பது அப்போது விளங்கும்.